செத்தவருக்குக் கொடுத்த பணம்

உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதரிடம் பணம் கேட்டு வந்த கடிதத்தை என் உத்தியோக காலத்தில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அதை எடுத்து வந்தவர் பெயர் அய்யாவு. அல்சூர்க்காரர். மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்து, சிங்கப்பூரில் ஜப்பான்காரர்களிடம் சிறைப்பட்டு, பிழைத்துத் திரும்பியவர். சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெங்களூர் கண்டோன்மென்டில், பரேட் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில், பட்டாளத்திலிருந்து விலகி வந்தவர்களுக்கு உதவி செய்ய ஓர் ஆபீஸ் ஓட்டுக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. நான், சீனிவாசராகவன், அங்கே புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. மனு எழுதுவதும், எழுதியதைப் படித்துச் சொல்வதும் என் வேலை.

அந்தக் கடிதத்தையும் நான்தான் படித்துச் சொன்னேன். யுத்தத்தில் அய்யாவு இறந்துவிட்டதாகக் கருதி அவர் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் கொடுக்கப்பட்டது. அவர் இறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆகவே அந்தப் பணம் அந்தக் குடும்பத்துக்குச் சேராதது. முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இப்போது அய்யாவுக்கு வரும் ஊனப் பென்ஷனில் பாதியை மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். எழுதியவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. கணக்கு என்றால் அப்படித்தான். ஆனாலும் அந்த ஆளின் முகத்தைப் பார்க்காமல், காகிதத்தையே பார்த்துக்கொண்டுதான் அதைப் படித்தேன்.

அய்யாவு உயரமானவர். பட்டாளத்துச் சட்டை போட்டிருந்தார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடத்தான் வேண்டும், அவ்வளவு இளைத்திருந்தார். இரண்டு வாக்கியம் பேசினால் இருமல் வந்தது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஜகதாம்பாள், உட்காரச் சொல்லியும் உட்காராமல், சுவரில் சாய்ந்து நின்றார். முப்பது வயது இருக்கும். கட்டட வேலைக்குப் போகிறவர் என்பது உள்ளங்கையைப் பார்த்ததும் தெரிந்தது.

எங்கள் ஆபீஸ் செயலாளர் காப்டன் ஹெர்பர்ட். ஆங்கிலோ-இந்தியர். பட்டாளத்தில் இருந்த காலம் முழுவதும் தமிழ் சிப்பாய்களோடு இருந்ததால் அவர் பேசிய தமிழ் அவர்களுடைய தமிழாகவே இருந்தது. கடிதத்தை வாங்கி அவரே மறுபடியும் படித்தார். அய்யாவுக்கு வேறு கடன் உண்டா என்று கேட்டார். உண்டு. அல்சூரில் மரக்கடை வைத்திருக்கும் கோவிந்தப்பாவிடம், அவர் இல்லாத காலத்தில் மனைவி வாங்கியது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. சிறையில் இருந்த வருஷங்களுக்கு வந்த பாக்கிச் சம்பளத்தில் ஒரு பகுதியை அங்கே கட்டியும் அசல் அப்படியே நின்றது. மீதிச் சம்பளம் வைத்தியத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் போய்விட்டது.

ஹெர்பர்ட் வழிகளை எடுத்துச் சொன்னார். இந்தப் பணம் சேராத பணம் என்று தெரியாமல் வாங்கினோம், குடும்பத்துக்குச் செலவழித்துவிட்டோம், இப்போது கட்ட வழியில்லை என்று மனுப் போட்டால், சர்க்கார் நினைத்தால் முழுவதையும் தள்ளுபடி செய்யலாம். அது முடியாவிட்டால், பாதிப் பென்ஷனைப் பிடிக்காமல் சிறு தவணையாகப் பிடிக்கச் சொல்லிக் கேட்கலாம். கஷ்டத்தில் இருக்கும் சிப்பாய்களுக்கென்று ஒரு நிதி இருக்கிறது, அதிலிருந்தும் கொஞ்சம் கேட்கலாம். கோவிந்தப்பாவின் கடனைப் பற்றிப் பயப்பட வேண்டியதே இல்லை. பட்டாளத்துப் பென்ஷனை எந்தக் கோர்ட்டும் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. கடன் சீட்டில் அய்யாவு கையெழுத்தும் இல்லை.

அய்யாவு தள்ளுபடி மனுவையே போடச் சொன்னார். நான் இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரியையும் எழுதியதும் தமிழில் சொல்வது என் வழக்கம். பென்ஷன் பணம் முழுவதும் குடும்பச் செலவில் தீர்ந்துவிட்டது என்ற வரிக்கு வந்தபோது, அதுவரை வாய் திறக்காத ஜகதாம்பாள் பேசினார்.

“அத மட்டும் எழுதாதீங்க சார்.”

ஏன் என்று ஹெர்பர்ட் கேட்டார்.

“செலவு பண்ணல. ஒரு ரூபா கூட எடுக்கல. பிரிஜெட் அக்கா ஊட்டுல பெட்டியில இருக்குது.”

அய்யாவு நாற்காலியோடு திரும்பினார். அவருக்கும் அது புதுச் செய்தி என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நான் பேனாவை மைக்கூட்டில் வைத்தேன். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காக அம்மா கோவிந்தப்பாவிடம் வட்டிக்கு வாங்கினீர்கள் என்று ஹெர்பர்ட் மெல்லக் கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் கேட்டார்.

“அது செத்தவருக்குக் குடுத்த பணம் சார். இவரு சாவல. அப்பறம் அத எப்பிடித் துன்றது?”

அன்று மனு எழுதி முடியவில்லை. பெட்டியை எடுத்து வருவதாகச் சொல்லி இருவரும் போனார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

மறுநாள் பெட்டியோடு ஜட்காவில் வந்தவர்களில் பிரிஜெட்டும் இருந்தார். ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. அல்சூரில் அவர்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். பெட்டி அவர் கட்டிலுக்கு அடியில் இருந்ததால், தானும் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று நினைத்து, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அன்று அவர் சொன்னதும், பின்னால் அந்தக் குடும்பத்தோடு பழகி நான் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இனி நான் சொல்வது.

அய்யாவு சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியபோது மகள் சரளாவுக்கு இன்னும் நடை வரவில்லை. சிங்கப்பூர் விழுந்ததும் ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. இரண்டு வருஷம் கழித்து வேறொரு செய்தி வந்தது. கைதிகளை ஏற்றிப்போன கப்பல் ஒன்று நடுக்கடலில் மூழ்கிவிட்டது. அந்தக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் அய்யாவு பெயரும் இருந்தது. இறந்துவிட்டதாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் வளையலை உடைத்துத் தாலியை இறக்கச் சடங்கு செய்ய வந்தார்கள். ஜகதாம்பாள் வாசற்படியில் நின்று வழிமறித்தார்.

“பொணத்தக் காட்டுங்க. அப்பறம் பேசலாம்” என்றாராம். அவ்வளவுதான். அழவும் இல்லை, சண்டையும் போடவில்லை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு தங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. புருஷன் செத்தும் பொட்டு வைத்துக்கொண்டு திரிகிறவள் என்று குழாயடியில் பேசினார்கள்.

பென்ஷனை வாங்க மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். பிரிஜெட்தான் யோசனை சொன்னவர். வாங்காமல் விட்டால் யாராவது வந்து விசாரிப்பார்கள். வேறு யாராவது உறவுக்காரர் எனக்குச் சேர வேண்டும் என்று கிளம்புவார். வாங்கி வைத்துக்கொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜகதாம்பாள் அதற்கு ஒப்புக்கொண்டார். வைத்துக்கொள் என்பதைச் செலவழித்துக்கொள் என்ற அர்த்தத்தில்தான் பிரிஜெட் சொன்னார். ஜகதாம்பாள் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மாதாமாதம் பட்டுவாடா நாளில் விதவைகள் வரிசையில் அவர் போய் நிற்பார். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கை நிறையக் கண்ணாடி வளையல். அந்த வரிசையில் வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்துமாக நிற்கும் பெண்கள் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. சிலர் திட்டினார்களாம். ஒரு கிழவி மட்டும் ஒவ்வொரு முறையும் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். ரேகை வைத்துப் பணத்தை வாங்கி, பழைய சேலைக் கிழிசலில் முடிந்து, நேரே பிரிஜெட் வீட்டுக்கு வந்து பெட்டியில் போட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். தன் வீட்டில் வைத்தால் கை போகும் என்று அவருக்குப் பயம். சாவியும் பிரிஜெட்டிடமே இருந்தது.

சாப்பாட்டுக்குச் சித்தாள் வேலை. யுத்த காலத்தில் ஊருக்குக் கிழக்கே விமானத்தளத்துக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. விடிவதற்கு முன் நடந்து போய், பகல் முழுவதும் செங்கல் சுமந்துவிட்டு, நடந்தே திரும்புவார். அரிசி ரேஷனில் வந்த காலம். கிடைத்த சோற்றைச் சரளாவுக்குப் போட்டுவிட்டு அவர் கேழ்வரகுக் கூழ் குடித்தார். கூழும் இல்லாத நாளில் பிரிஜெட் ஆஸ்பத்திரியிலிருந்து ரொட்டி எடுத்து வந்து கொடுத்தார்.

யுத்தம் முடிகிற வருஷம் சரளாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஜன்னி கண்டு, குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. ஊசி மருந்துக்கும் சத்தான ஆகாரத்துக்கும் பணம் வேண்டும். பிரிஜெட் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து நடுவீட்டில் வைத்து, சாவியை அதன் மேல் வைத்தார்.

அந்த இடத்தைச் சொல்லும்போது பிரிஜெட் எங்கள் ஆபீசில் நின்றபடியே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஜகதாம்பாள் அந்தச் சாவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு எழுந்து கோவிந்தப்பாவின் மரக்கடைக்குப் போனார்.

கோவிந்தப்பா தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர். அந்தக் கடைக் காட்சியைப் பல வருஷம் கழித்து அவரே எனக்குச் சொன்னார். யார் பேரில் எழுதட்டும் என்று அவர் கேட்டாராம். சரளா அப்பா பேர்ல எழுதுங்க, அவரு வந்து அடைப்பாரு என்று இந்த அம்மாள் சொன்னாராம். இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று அவர் நினைத்தது உண்மை. செத்தவன் பேரில் யாராவது பணம் கொடுப்பார்களா? ஆனால் ஜகதாம்பாளின் கைகளைப் பார்த்தார். இந்தக் கைகள் வேலை செய்கிற வரை பணம் எங்கும் போகாது என்று கணக்குப் போட்டார். சொன்னபடியே எழுதி, ஜகதாம்பாளின் ரேகையை வாங்கிக்கொண்டு கொடுத்தார். குழந்தை பிழைத்தது.

அய்யாவு மூழ்கிய கப்பலில் ஏறவே இல்லை. கப்பல் கிளம்பும் நாளில் வயிற்றுக்கடுப்பில் நிற்க முடியாமல் இருந்தவரைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள். பெயர் மட்டும் போனது. பின்னால் வேறொரு கப்பலில் ஏற்றி ஏதோ ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாதை வெட்டினார். உடன் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. யுத்தம் முடிந்து ஆஸ்திரேலியப் பட்டாளம் அந்தத் தீவுக்கு வந்தபோது, இவரைத் தூக்குக் கட்டிலில் வைத்துத்தான் தூக்கினார்களாம். பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, மறு வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் பெங்களூர் வந்தார்.

வீட்டில் யாரும் இல்லை. கட்டடம் நடக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு நேரே அங்கே போய், தூரத்தில் நின்று, சரளாம்மா என்று கூப்பிட்டார். ஜகதாம்பாள் கூடையை இறக்கிவிட்டு வந்தார். பட்டாளத்து உடையில் நின்ற அந்த மெலிந்த ஆளைப் பார்த்து, “நீங்க அவரு கூட இருந்தவரா? அவரு எங்க இருக்காரு?” என்று கேட்டார்.

ஊரே செத்தவன் என்று சொன்னபோது நம்பாதவர், எதிரில் வந்து நின்ற புருஷனை அடையாளம் தெரியாமல் அவரிடமே விசாரித்தார். அய்யாவு செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துத்தான் ஜகதாம்பாளுக்குத் தெரிந்ததாம்.

இதையெல்லாம் பிரிஜெட் சொல்லிக்கொண்டிருக்க, பெட்டி என் மேஜைமேல் இருந்தது. திறந்தோம். சேலைக் கிழிசல் முடிச்சுகள், அடுக்கி வைத்தபடி. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு முடிச்சு. பழைய ராஜா தலை போட்ட நோட்டுகள், கொடுத்த அன்று எப்படி மடித்திருந்தாரோ அப்படியே இருந்தன. ஒரு முடிச்சை மட்டும் பூச்சி அரித்திருந்தது. ஜகதாம்பாள் அதைப் பார்த்துக் கலங்கிப்போனார். அதற்கு ஈடாகத் தன் வாரக்கூலியை இடுப்பிலிருந்து எடுத்து வைத்தார். ஹெர்பர்ட் அதை வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு எடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

மனு போட்டால் இந்தப் பணம் உங்களுக்கே நிற்கலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்று ஹெர்பர்ட் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அவர்களுடைய நன்மைக்காகச் சொன்னார். ஜகதாம்பாள் தலையை ஆட்டி மறுத்தார். இது கடனும் இல்லை, தள்ளுபடி செய்வதற்கு. வேறு யாருக்கோ போய்ச் சேர வேண்டியது தவறி வந்தது என்றார். அவர்கள் கிளம்பும்போது ஹெர்பர்ட் எழுந்து நின்றார். மனு கொடுக்க வந்தவர்களுக்காக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. நானும் எழுந்தேன். ஏதோ கோயிலில் திரை விலகின மாதிரி எனக்கு உடம்பு சிலிர்த்திருந்தது.

அய்யாவுக்கு மட்டும் அப்படி இல்லை. அவருக்குக் கோபம். கோவிந்தப்பாவுக்கு வட்டி கட்டவே அவருடைய சிறைக் காலத்துச் சம்பளத்தில் ஒரு பகுதி போனது. அவ்வளவு நாளும் இரண்டு வீடு தள்ளிப் பெட்டி நிறையப் பணம் இருந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொல்லியிருந்தால் எடுத்துக் கோவிந்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள் என்றாராம் ஜகதாம்பாள். அது உண்மையாக இருந்ததால் கோபம் அதிகமாயிற்று. சில நாள் அவர் வீட்டில் பேசவே இல்லை.

அந்த வாரம் ஒரு கையெழுத்துக்காகத் தனியாக ஆபீசுக்கு வந்தவர், வேலை முடிந்தும் போகாமல் வெளியே தூங்குமூஞ்சி மர நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“பொய் சொல்லக் கூடாது சார். அந்தத் தீவுல நான் இவள நெனைக்கவே இல்ல. கொழந்தையக் கூட நெனைக்கல. சோறு. அத மட்டுந்தான் நெனச்சேன். பக்கத்துல படுத்திருந்தவன் செத்தா அவன் பங்கு சோறு இன்னிக்கி யாருக்குன்னுதான் மொதல்ல தோணும்.”

இருமி முடித்துவிட்டு, தொடர்ந்தார்.

“நான் அங்க சோத்த நெனச்சினு கெடந்தேன். இவ இங்க என்ன நெனச்சினு வயித்தக் காய வெச்சிருக்கா. இவகிட்ட நான் இன்னான்னு கோவிச்சிக்கறது?”

அவர் அன்று வீட்டுக்குப் போய் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை வந்தபோது இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் லேசாக இல்லை. பென்ஷனில் பிடிப்பதற்கு முறை இருந்தது. ஒரே தொகையாகப் பெட்டியில் கொண்டுவந்து கட்டுவதற்கு என்ன முறை என்று கணக்காபீசிலிருந்து கேள்விகள் வந்தன. கடைசியாக வந்த கேள்வி, இந்தப் பணத்தைத் தொடாமல் அந்தப் பெண்மணி அந்த வருஷங்களில் எப்படி ஜீவனம் செய்தார் என்பது. ஹெர்பர்ட் நீளமாக ஏதோ எழுதி, கிழித்துப் போட்டுவிட்டு, செங்கல் சுமந்தார் என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அதற்குப் பிறகு ரசீது வந்தது.

கோவிந்தப்பாவின் கடன் மிச்சம் இருந்தது. சட்டப்படி தட்டிக்கழிக்கலாம் என்று ஹெர்பர்ட் மறுபடியும் சொன்னார். அந்தக் கடன் வேறு, சரளா உயிரோடு நடமாடுவதே அதில்தான் என்று ஜகதாம்பாள் சொல்லிவிட்டார். கஷ்ட நிவாரண நிதியிலிருந்து வாங்கித் தருகிறேன், வாங்கிக்கொள்வீர்களா என்று நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் கேட்டேன். அதையும் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அது உயிரோடு திரும்பி வந்தவர்களுக்குக் கொடுப்பதுதானே? ஆமாம் என்றேன். உடனே ரேகை வைத்தார். அதோடு முன்னாள் சிப்பாய்களின் கூட்டுறவு சங்கத்தில் குறைந்த வட்டிக்கு ஒரு கடன் ஏற்பாடு செய்து, இரண்டையும் சேர்த்து மரக்கடைக்கு எடுத்துப் போனோம். ஹெர்பர்ட் ஒரு சிபாரிசுக் கடிதமும் கொடுத்திருந்தார்.

பெட்டி விஷயம் அதற்குள் கோவிந்தப்பா காதுக்கு எட்டியிருந்தது. முதலில் அவருக்கு வருத்தம்தான். பக்கத்து வீட்டில் அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டா என்னிடம் வந்து நின்றாய் தங்கச்சி என்று கேட்டார். ஜகதாம்பாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இரலி சார், இருக்கட்டும். அசலக் குடுங்க. வட்டில பாதி குடுங்க. முழுசா உட்டேன்னா நாளைக்கி அல்சூரே வந்து என் கடையில நிக்கும். அதுக்காகத்தான் பாதி வாங்கறேன்.”

சீட்டை வாங்கி நான் படித்துப் பார்த்தேன். கடன் வாங்கியவர் பெயர் என்ற இடத்தில், சாப்பர் அய்யாவு, வெளியூர் போயிருக்கிறார் என்று கன்னடத்தில் எழுதியிருந்தது.

அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு கடன் இல்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. சங்கத்துக் கடனை அடைக்க வருஷங்கள் ஆயின. அய்யாவுக்குப் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் சாமான் அறைக் காவல் வேலை கிடைத்தது. நெஞ்சு பலவீனமானவருக்கு அதுவே பெரிது. விதான சௌதா கட்டின காலத்தில் ஜகதாம்பாள் அங்கே கல் சுமந்தார். சரளா படித்து, பிரிஜெட்டின் முயற்சியால் நர்ஸ் பயிற்சிக்குப் போனாள். ஹெர்பர்ட் ஓய்வு பெற்று மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். நான் அதே ஆபீசில் தலைமைக் குமாஸ்தா ஆனேன்.

சீன யுத்தம் முடிந்த குளிர்காலம். காணவில்லை என்ற தந்திகளோடு மறுபடியும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மர்ஃபி டவுனிலிருந்து ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். கணவனைப் பற்றித் தகவல் இல்லை. அவன் நிலைமை தெரியும் வரை குடும்பத்துக்குக் கொடுக்கும் உதவிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அல்சூர் ஜகதாம்பாள் கதையை யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் அவரைப் போல் இருப்பேன் என்றாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

ஆளனுப்பி ஜகதாம்பாளை வரவழைத்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்தால் அவருக்கு மனம் நிறையும் என்று நினைத்தேன். ஜகதாம்பாள் வந்தார், விஷயத்தைக் கேட்டார், குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நீ துன்னாத்தான்மா இதுக்குப் பாலு. பணத்த வாங்கு, செலவு பண்ணு. அவரு வந்துட்டா அப்பறம் திருப்பிக் கட்டிக்கலாம். எப்பிடிக் கட்டறதுன்னு இந்த சார் வழி சொல்லுவாரு.”

நீங்கள் மட்டும் செலவழிக்கவில்லையே என்று அவள் கேட்டாள்.

“நான் பண்ணத யாரும் பண்ணக் கூடாது. சரளா அன்னிக்கி போயிருந்தா, இவரு வந்து கேட்டப்ப நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்? கோவிந்தப்பா அண்ணன் குடுத்தாரு. தப்பிச்சேன். அவ்ளோதான்.”

என்னைப் போன்றவர்கள் பதினைந்து வருஷமாக வியந்து வியந்து சொல்லிக்கொண்டிருந்ததை, அவர் ஒரு கைக்குழந்தையின் அழுகைக்காக ஒரு நிமிஷத்தில் கீழே வைத்துவிட்டார். பெட்டி திறந்த அன்று எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பைவிட அது பெரிதாக இருந்தது. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். பொட்டை அழிக்க வேண்டாம், யார் சொன்னாலும் நீயாக நினைக்கிற வரை அழிக்க வேண்டாம் என்று மட்டும் ஜகதாம்பாள் அவளிடம் சொன்னார். இருவரும் சேர்ந்து பஸ்ஸுக்குப் போனார்கள்.

அடுத்த வருஷம் கைதிகள் திரும்பி வந்தபோது அவள் கணவன் அவர்களில் இல்லை. அவளுக்குத் தையல் வேலை கற்றுக்கொடுக்க ஆபீசில் ஏற்பாடு செய்தோம். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அய்யாவும் ஜகதாம்பாளும் மர்ஃபி டவுனுக்குப் போய் அவர்களோடு சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்.